நல்ல பூச்சி, கெட்ட பூச்சி: குழந்தைகளுக்கு எங்கிருந்து சொல்லித் தொடங்குவது?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசகி, 5 ஆகஸ்ட் 2023

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ‘நன்மை செய்யும் பூச்சிகள், தீமை செய்யும் பூச்சிகள்’ என்று இரண்டு கட்டம் போட்டுப் படம் ஒட்டி சார்ட் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். கடையில் வாங்கிய படத்தாளில் வண்ணத்துப்பூச்சி நன்மைப் பக்கத்திலும், புழு தீமைப் பக்கத்திலும் இருக்கின்றன. அதை மனப்பாடம் செய்துகொண்டு, எங்கள் மாடியில் கறிவேப்பிலைத் தொட்டியில் இருந்த புழுக்களையெல்லாம் செருப்பால் நசுக்கிவிட்டாள். செய்தது சரியா என்று என்னையே கேட்கிறாள். என்ன சொல்வது?

6 ஆகஸ்ட் 2023

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் சென்னை மாடிகளில் பெரும்பாலும் காணப்படுவது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சிறியதாக இருக்கும்போது கறுப்பும் வெள்ளையும் கலந்து, பறவை எச்சம் இலைமேல் விழுந்து காய்ந்ததாகவே தோன்றும். கடைசியாகத் தோலுரித்த பிறகு பச்சையாகிவிடும். குச்சியால் அதன் முதுகை மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவட்டை வடிவ உறுப்பு ஒன்று சட்டென்று வெளியே நீளும். கூடவே ஒரு கடும் நெடி வரும். தன்னைத் தின்ன வருவதை விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் அது. உங்கள் மகளுக்கு முதலில் காட்ட வேண்டியது இதைத்தான். படத்தாளில் எதிரெதிர்க் கட்டங்களில் ஒட்டப்பட்டிருக்கும் இரண்டும் ஒரே உயிர் என்பதை அவள் தன் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு எந்தக் கட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டாள்.

நான் வியாசர்பாடியில் மாலைநேரப் படிப்பகம் ஒன்றை நடத்துகிறேன். அதன் மொட்டை மாடியில் பிள்ளைகளே தண்ணீர் ஊற்றி வளர்க்கும் கத்தரி, வெண்டை, அவரை, கறிவேப்பிலை, செம்பருத்தி எல்லாம் உண்டு. அங்கே எந்தப் பூச்சியைக் கண்டாலும் பிள்ளைகள் முதலில் கேட்பது, “மிஸ், இது நல்லதா, கெட்டதா?” என்பதுதான். அதற்கு நான் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. இது எதைத் தின்கிறது, இப்போது எந்தப் பருவத்தில் இருக்கிறது, எத்தனை இருக்கின்றன என்ற மூன்றையும் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லச் சொல்வேன். அந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் நல்லதா கெட்டதா என்பதை அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். பெரும்பாலும் என்னைவிடப் பொறுமையாகவே முடிவு செய்கிறார்கள்.

கறிவேப்பிலையையே எடுத்துக்கொள்வோம். ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடியில் நான்கைந்து புழுக்கள் இருந்தால் சமையலுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. சாண் உயரக் கன்றில் அதே நான்கைந்து புழுக்கள் இருந்தால் ஓரிரு நாளில் நடு ஈர்க்கு மட்டும்தான் மிஞ்சும். புழு ஒன்றே; கன்றுக்கு அது தீங்கு, மரத்துக்கு அது விருந்தாளி. ஆகவே நசுக்கியது சரியா என்று உங்கள் மகள் கேட்டதற்கு என் பதில் இது: சின்னச் செடியில் இருந்தால் இலையோடு கிள்ளிப் பெரிய செடிக்கு மாற்றலாம், அதற்கு வழியில்லை என்றால் ஒன்றிரண்டை மட்டும் விட்டுவைத்துக் கூட்டுப்புழுவாகும்வரை பார்க்கலாம். அடுத்த முறை புழு வரும்போது அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று பொறிவண்டு. எல்லாப் படத்தாளிலும் நன்மைப் பக்கத்தில் முதலிடம் அதற்குத்தான். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்னும் பொறிவண்டுகளுக்கு அந்த இடம் தகும். ஆனால் கத்தரிச் செடியில் இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்று நரம்பைச் சல்லடையாக விட்டுவைக்கும் எபிலாக்னா வண்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதே உருண்டை வடிவம், அதே கறுப்புப் புள்ளிகள். எங்கள் பிள்ளைகள் லென்ஸ் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்த வேறுபாடு இன்றுவரை எங்களுக்குக் கைகொடுக்கிறது: அசுவினி தின்னும் வண்டின் முதுகு எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும், எபிலாக்னாவின் முதுகில் மிகமெல்லிய மயிர் படர்ந்திருப்பதால் மங்கலாக இருக்கும். எபிலாக்னாவில் புள்ளிகள் நிறைய, பெரும்பாலும் இருபத்தெட்டு. அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முட்களோடு இருக்கும். நல்ல பொறிவண்டின் புழுவோ கருஞ்சாம்பல் நிறத்தில் நீண்டு, ஆறு கால்களால் வேகமாக ஓடும். அதற்கு எங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் முதலைக்குட்டி. படத்தாள்களில் பொறிவண்டின் புழு இருப்பதே இல்லை என்பதால், செடியைக் காப்பாற்ற வந்த முதலைக்குட்டிதான் முதலில் செருப்படி வாங்குகிறது.

6 ஆகஸ்ட் 2023, இரவு

சார்ட்டை எப்படியும் கொடுத்தாக வேண்டும் என்றால் இரண்டு கட்டத்தையும் அழித்துவிட்டு நான்கு பத்தி போடச் சொல்லுங்கள்: பூச்சி, புழுப் பருவத்தில் அதன் உணவு, வளர்ந்த பின் அதன் உணவு, நம் மாடியில் எந்தச் செடியில் பார்த்தது. கடைசிப் பத்தி நிரம்பாத பூச்சியை ஒட்ட வேண்டாம். ஐந்தே பூச்சிகள் இருந்தாலும் போதும்.

13 ஆகஸ்ட் 2023

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி, ‘தொட்டி வைக்கக்கூட இடமில்லாத வீடுகளில் இருக்கிற பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்?’ என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டது நியாயம். எங்கள் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறவர்கள்தான். அவர்களை நான் முதலில் அழைத்துப்போவது எருக்கஞ்செடிக்கு. ரயில் பாதையின் ஓரம், பக்கிங்காம் கால்வாயின் கரை, கட்டடம் இடித்துப் போட்ட காலி மனை என்று வடசென்னையில் எருக்கு இல்லாத இடம் கிடையாது. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, மருந்து அடிப்பதும் இல்லை. அதனாலேயே அதில் ஒரு முழுத் தோட்டத்தின் கதையும் நடந்துகொண்டிருக்கிறது.

இளந்தண்டிலும் காயின் மேலும் மஞ்சள் மஞ்சளாக அப்பியிருப்பவை அசுவினிகள். எருக்கிலும் அரளியிலும் வருகிற இந்த இனத்துக்கு உடல் நல்ல மஞ்சள், கால்கள் கறுப்பு. ஊசி போன்ற வாயைத் தண்டுக்குள் இறக்கிவிட்டு அப்படியே கிடக்கும். சிறிது நேரம் லென்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றால், பெரிய அசுவினி ஒன்றின் பின்புறத்திலிருந்து சின்ன அசுவினி ஒன்று கால் முன்னும் பின்னும் உதைத்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்க்கலாம். இணை சேராமலே, முட்டையிடாமலே குட்டி போடுகிற பூச்சி அது. சில நாட்களுக்குள் ஒரு தண்டு முழுவதும் எப்படி மூடிப்போகிறது என்ற கேள்விக்கு அந்த ஒரு காட்சியே விடை; நான் வாய் திறக்க வேண்டியதில்லை.

அதே தண்டில் சற்றுக் கீழே பொறிவண்டு இருக்கும். அதன் முதலைக்குட்டி ஒரு அசுவினியைக் கவ்வித் தூக்கி உறிஞ்சிக்கொண்டிருக்கும். இலையின் அடியில் மஞ்சள் முட்டைகள் குவியலாக நிமிர்ந்து நிற்கும். பூவில் பெரிய கருவண்டு இரைந்துகொண்டு வந்து அமரும். எருக்கம்பூவில் மகரந்தம் தூளாக இல்லாமல் சிறு பைகளாக இருப்பதால், அதைக் காலில் மாட்டி எடுத்துப்போக அவ்வளவு பெரிய வண்டு வேண்டியிருக்கிறது. இலையில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட புழு ஒன்று இருந்தால், முதுகில் மூன்று இணைக் கறுப்புத் தந்திகள் நிற்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கின் நஞ்சைத் தின்று தன் உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. மறைந்து வாழ வேண்டிய தேவை இல்லாததால்தான் அதற்கு அவ்வளவு பளிச்சென்ற பட்டைகள். எலுமிச்சைப் புழு எச்சம் போல் வேடமிட்டு ஒளிகிறது, எருக்கம் புழு என்னைப் பார் என்று நிற்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்த பிள்ளை கேட்கும் கேள்விகளுக்கு எந்தப் பாடப்புத்தகமும் ஈடாகாது.

எருக்கம் புழு நம் காய்கறி எதையும் தொடாது. அதைத் தீமைப் பக்கத்தில் ஒட்டுவதற்கு யாராலும் காரணம் சொல்ல முடியாது.

14 ஆகஸ்ட் 2023

மேலே எழுதியதோடு கட்டாயம் சேர்த்துப் படிக்க வேண்டியது: எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சலும் பார்வை மங்கலும் வரும். இலையைக் கிள்ளக் கூடாது, தண்டை ஒடிக்கக் கூடாது, பார்த்து முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை நான் எருக்குக்கு அழைத்துப்போவதில்லை.

27 ஆகஸ்ட் 2023

எறும்பு தோட்டத்துக்கு நண்பனா, எதிரியா என்று வாசகர்களிடையே எழுந்த விவாதம் நீண்டுவிட்டது. சுறுசுறுப்புக்கு எடுத்துக்காட்டாக எறும்பைச் சொல்லித்தானே பிள்ளைகளை வளர்க்கிறோம், அதைப் போய்த் தோட்டத்துக்கு எதிரி என்பதா என்று ராயபுரத்து அம்மா வருத்தப்பட்டிருக்கிறார். அம்மா, எறும்பு எதிரி என்று நான் சொல்லமாட்டேன். செத்த பூச்சியை இழுத்துப்போவது, மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் தருவது, சின்னப் புழுக்களைத் தூக்கிப்போவது என்று அது செய்யும் நன்மை அதிகம். ஆனால் செம்பருத்தியின் நுனியில் வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருக்கிற இடத்துக்கு எறும்பு வரிசையாக ஏறி இறங்கினால், அங்கே வேறு ஒரு வியாபாரம் நடக்கிறது என்று பொருள். மாவுப்பூச்சியும் அசுவினியும் செடியின் சாற்றை உறிஞ்சி, மிச்சமாகும் சர்க்கரையை இனிப்பான துளியாக வெளியே விடுகின்றன. எறும்பு அதைக் குடிக்கிறது. குடிப்பதற்கு ஈடாக அவற்றைத் தின்னவரும் பொறிவண்டைக் கடித்து விரட்டுகிறது. அந்த இனிப்பு இலையில் சொட்டுவதால்தான் பிறகு கரும்பூசணம் படர்ந்து இலை புகைபிடித்ததுபோல் ஆகிறது.

இதை நாங்கள் மாடியில் செய்து பார்த்தோம். மாவுப்பூச்சி பிடித்த இரண்டு செம்பருத்திகளில் ஒன்றின் அடித்தண்டைச் சுற்றித் துணி கட்டி அதன்மேல் வாசலின் தடவி எறும்பு ஏறாமல் தடுத்தோம். அந்தச் செடியின் கிளை சுவரையோ மற்றச் செடியையோ தொடாமல் தொட்டியை நகர்த்தி வைத்தோம். மற்றதை அப்படியே விட்டோம். எறும்பு ஏறாத செடியில் பொறிவண்டுகள் நிம்மதியாக மேய்ந்தன. ஒரு சிறுமி, “மிஸ், எறும்பு கெட்டது இல்ல, அது வாட்ச்மேன் வேலை பாக்குது, ஆனா தப்பான வீட்டுக்கு” என்றாள். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

மாவுப்பூச்சி என்றதும் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டு இனம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று கண்டதிலெல்லாம் பரவியது. எத்தனை மருந்தடித்தாலும் அதன் மேலிருந்த மெழுகுப் பூச்சால் ஒன்றும் பலிக்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து, ஆய்வகத்தில் பெருக்கி வயல்களில் விட்டார்கள். அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு, அதை உள்ளிருந்தே தின்று, ஓட்டை போட்டு வெளியே வந்தது. மருந்தால் முடியாததைக் கண்ணுக்கே தெரியாத குளவி செய்து முடித்தது. குழந்தைகளிடம் இதைச் சொல்லும்போது நான் ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் புள்ளி வைத்து, “இந்த அளவுதான்” என்று காட்டுவேன்.

மாவுப்பூச்சியை நசுக்கப் புறப்படும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மாவுப்பூச்சிகளுக்கு நடுவே அவற்றைப் போலவே வெள்ளை மெழுகு இழைகளை உடம்பெல்லாம் தொங்கவிட்டுக்கொண்டு, ஆனால் அவற்றைவிடப் பெரிதாக, குச்சியால் தொட்டால் விறுவிறுவென்று நகரும் ஒன்று இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். அது கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழு. 1898இலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்றும் மாவுப்பூச்சிக்கு எதிராகப் பண்ணைகளில் வளர்த்து விடப்படுவது. நகராமல் ஒட்டிக்கொண்டிருப்பது மாவுப்பூச்சி, ஓடுவது அதைத் தின்ன வந்தது என்று சொல்லிவைத்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

3 செப்டம்பர் 2023

‘மழைக்காலம் வந்தால் டெங்குவோடு மல்லுக்கட்டும் ஊரில் பூச்சிகளிடம் இரக்கம் காட்டக் கற்பிப்பது ஆபத்து’ என்று திருவொற்றியூர் நண்பர் எழுதியிருக்கிறார். அவருடைய கவலையை நான் முழுமையாக ஏற்கிறேன். செடிக்குத் தீங்கு என்பது ஒரு கணக்கு, மனிதனுக்குத் தீங்கு என்பது வேறொரு கணக்கு; இரண்டையும் ஒரே பட்டியலில் போடுவதால்தான் குழப்பம் வருகிறது. கொசு விஷயத்தில் நான் பிள்ளைகளிடம் எந்த விவாதத்துக்கும் இடம் வைப்பதில்லை. கொசுப்புழு இருக்கும் தண்ணீரைக் கொட்டியே ஆக வேண்டும்.

ஆனால் கொட்டுவதற்கு முன் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து மூடி, வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வால் முனையிலுள்ள குழலை நீர்ப்பரப்பில் வைத்து மூச்சுவிடுவது தெரியும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, பழைய டயர், கழற்றிப்போட்ட கூலரின் அடித்தட்டு என்று அது எங்கெங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீர் காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, மறுபடி நீர் ஏறும்போது பொரிக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் பிள்ளைகள் வாரந்தோறும் தட்டுகளைத் தேய்க்கிறார்கள். பயமுறுத்திச் சொல்லியிருந்தால் இரண்டாவது வாரமே மறந்திருப்பார்கள்.

கொசுவைச் சொன்னால் தட்டானைச் சொல்லாமல் விட முடியாது. ரெட்டேரிப் பக்கம் மழைக்கு முன் தட்டான்கள் கூட்டமாகப் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை பறந்துகொண்டே கொசுவைப் பிடித்துத் தின்கின்றன. தண்ணீருக்குள் வாழும் அவற்றின் இளம்பருவம் கொசுப்புழுவைத் தின்கிறது. தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடும் விளையாட்டு எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறது. அதைத் தடுக்க நான் பாவம் புண்ணியம் பேசுவதில்லை; அது ஒரு நாளில் எத்தனை கொசுவைப் பிடிக்கும் என்று அவர்களையே யோசிக்கச் சொல்கிறேன்.

10 செப்டம்பர் 2023

முதல் குறிப்பில் நான் சொன்ன மூன்று கேள்விகள் எந்த வயதுக்கு என்பதைத் தெளிவாக்க வேண்டும். மூன்று நான்கு வயதுக் குழந்தை பருவம், எண்ணிக்கை என்றெல்லாம் நிதானிக்காது; அது கையை நீட்டிவிடும். அந்த வயதுக்கு நான் தருவது ஒரே விதி: கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணால் பார். தொட்டால் துன்பம் தருகிற கம்பளிப்பூச்சி, பூரான், குளவி, தேனீ ஆகியவற்றை மட்டும் பெயர் சொல்லி அடையாளம் காட்டிவிடுகிறேன். எந்தப் பூச்சி செடிக்கு உதவுகிறது என்பது ஏழெட்டு வயதுக்கு மேல்தான் பயன்படுகிறது. பூரானும் சிலந்தியும் பூச்சியினத்தில் சேராது, பூச்சிக்கு ஆறு கால்தான் என்று ஒரு வாசகர் திருத்தியிருக்கிறார், உண்மைதான். கால்களை எண்ணுவதே எட்டு வயதுப் பிள்ளைக்கு அருமையான பயிற்சி. இருந்தாலும் தோட்டத்துப் பாடத்திலிருந்து சிலந்தியை நான் நீக்கமாட்டேன். அது பிடிக்கும் பூச்சிகளின் அளவுக்கு வேறு எதுவும் பிடிப்பதில்லை என்று எங்கள் மாடியைப் பார்த்தால் தோன்றுகிறது.

17 செப்டம்பர் 2023

‘கொட்டக் கொட்டக் குளவியாகும் புழு’ என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். குளவி ஒரு புழுவைக் கூட்டுக்குள் வைத்துக் கொட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் புழு குளவியாகிவிடும் என்ற நம்பிக்கை அது. பிள்ளைகள் இதை வீட்டிலிருந்து கொண்டுவந்து என்னிடம் கேட்பார்கள். நான் மறுத்துவிடாமல் கூட்டை உடைத்துக் காட்டுவேன். ஜன்னல் சட்டத்தில் குளவி கட்டிய பழைய மண்கூட்டை, அதில் துளை விழுந்து குஞ்சுக் குளவி வெளியேறிவிட்டது என்று உறுதியான பிறகு, கத்தியால் நெடுக்காகப் பிளக்க வேண்டும். உள்ளே அறை அறையாக இருக்கும். சில கூடுகளில் ஏதோ காரணத்தால் முட்டை பொரிக்காமல் போன அறை ஒன்று அப்படியே இருக்கும். அதில் காலை மடக்கிக்கொண்டு காய்ந்த சிறு சிலந்திகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். வேறு வகைக் குளவியின் கூடு என்றால் சிலந்திக்குப் பதிலாகப் பச்சைப் புழுக்கள். தாய்க் குளவி அவற்றைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, உயிரோடு அறையில் வைத்து, முட்டையிட்டு, மண்ணால் மூடிவிட்டுப் போகிறது. பொரித்த குஞ்சு அவற்றைத் தின்று வளர்ந்து குளவியாக வெளியே வருகிறது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி என்று பார்த்த நம் முன்னோர் பார்த்ததில் பிழை ஏதும் இல்லை. மூடிய அறைக்குள் நடந்தது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

நம் வெண்டையையும் கத்தரியையும் தின்னக்கூடிய புழுக்களைத்தான் பச்சைப் புழு அடைக்கும் குளவி பொறுக்கிப்போகிறது. மண்கூடு கட்டும் குளவி தனியாக வாழ்வது. நாம் கையில் பிடித்து அழுத்தினாலன்றிப் பெரும்பாலும் கொட்டாது. காகிதம் போன்ற கூடு கட்டிக் கூட்டமாக வாழும் குளவி அப்படியல்ல, நெருங்கினால் பாய்ந்து வரும். இந்த வேறுபாட்டைக் காட்டாமல் ‘குளவி நல்லது’ என்று மட்டும் சொல்லிப் பிள்ளையை அனுப்பக் கூடாது. கொட்டிய பிறகு முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

22 அக்டோபர் 2023

முருங்கைமரத்துக் கம்பளிப்பூச்சி பற்றிப் பலரும் கேட்டிருக்கிறார்கள். கொடுங்கையூரிலும் மாதவரத்திலும் முருங்கை இல்லாத தெரு குறைவு. மழை தொடங்கியதும் அடிமரத்தில் கம்பளம் விரித்ததுபோல் அவை திரண்டுவிடுகின்றன. இது ஒன்றில் மட்டும் பெரியவர்கள் பக்கம் நிற்கிறேன். அதன் மயிர் பட்டால் தோல் தடித்து அரிக்கும், கண்ணில் பட்டால் இன்னும் துன்பம். பந்தம் கொளுத்தி அழிப்பது நம் வழக்கம். வேளாண்மைத் துறையினரும் அதைப் பரிந்துரைப்பதுண்டு. ஆனால் அதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும், பிள்ளைகள் அருகில் நிற்கக் கூடாது. மயிர் பட்டுவிட்டால் சொறியாமல், ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்து எடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். சொறிந்தால் மயிர் உள்ளே இறங்கும்.

அதே மரத்தின் உச்சியில் பிள்ளைகள் அஞ்சி ஓடுகிற இன்னொன்றும் வருகிறது. கட்டைவிரல் அளவு, கன்னங்கரேலென்று, நீலம் மின்னும் இறக்கையோடு ஹெலிகாப்டர் போல் இரைந்து வரும் கருவண்டு. தச்சன் தேனீ என்றும் அதைச் சொல்வார்கள். முருங்கைப்பூ காயாவதற்கு அது பெரிதும் உதவுகிறது. காய்ந்த மரக்கட்டையில் துளை போட்டுக் குடியிருப்பதால் கதவு நிலையைத் துளைக்கிறது என்று அடிக்கிறார்கள். மாடி மூலையில் பட்டுப்போன முருங்கைக் கிளை ஒன்றைச் சாய்த்து வைத்தால் அது பெரும்பாலும் நிலையை விட்டு அங்கே போகும்.

கத்தரி, தக்காளிப் பூக்களுக்கும் இதைப் போன்ற தேனீக்கள் வேண்டும். அந்தப் பூக்களின் மகரந்தப்பை நுனியில் சிறு துளையோடு மூடியிருக்கும். பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும். தேன் தரும் தேனீயால் அப்படி அதிரவைக்க முடியாது. வயிற்றில் நீலப்பட்டைகள் உள்ள ஒரு தனித்தேனீயால் முடியும். காலையில் கத்தரிப்பூவின் அருகே அமைதியாக அமர்ந்திருந்தால், அது பறக்கும்போது ஒரு சத்தமும் பூவில் அமர்ந்ததும் அதைவிடக் கூர்மையான வேறொரு சத்தமும் வருவதைக் கேட்கலாம். கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் அதை அடையாளம் காணும் பிள்ளைகள் எங்கள் மாடியில் இருக்கிறார்கள்.

10 டிசம்பர் 2023

புயல் மழையில் தெருவே மூழ்கிக் கிடந்ததால் எழுத முடியவில்லை. மாடியில் பாதிச் செடிகள் அழுகிவிட்டன. தண்ணீர் தேங்கிய தொட்டிகளைக் கவிழ்த்துத் தேய்ப்பதுதான் இப்போதைக்கு ஒரே பாடம். வெள்ளத்துக்குப் பின் மரவட்டைகளும் நத்தைகளும் வீட்டுக்குள் வருகின்றன. மரவட்டை மக்கிய இலையைத் தின்பது, கடிக்காது, துடைப்பத்தால் தள்ளி வெளியே விட்டால் போதும். நத்தையை வெறுங்கையால் தொட விடாதீர்கள்.

7 ஜனவரி 2024

மார்கழிக் குளிரில் அவரைக் கொடியின் நுனியிலும் பிஞ்சிலும் கருநிற அசுவினி அப்பியிருக்கிறது, மருந்தடிக்கலாமா என்று தண்டையார்பேட்டைச் சகோதரி கேட்டிருக்கிறார். எங்கள் மாடியிலும் அதே நிலைதான். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். காத்திருக்கலாம் என்ற கட்சி, முதலைக்குட்டிகள் வந்துவிட்டதைக் காட்டியது; கூடவே தேனீயைப் போல் கோடு போட்டிருந்தும் இரண்டே இறக்கை உள்ள ஈ ஒன்று அசுவினிக் கூட்டத்தின் மேல் அசையாமல் மிதந்து நிற்பதையும், அதன் கால் இல்லாத பச்சைப்புழு அசுவினியைத் தூக்கி உறிஞ்சுவதையும் காட்டியது. உடனே செய்ய வேண்டும் என்ற கட்சி, பிஞ்செல்லாம் சுருண்டுபோவதைக் காட்டியது. இரண்டு பக்கமும் சொன்னது உண்மை.

இறுதியில் செய்தது இது. அசுவினியைத் தின்னும் காவலாளிகள் வந்துவிட்ட கொடியைத் தொடவில்லை. யாரும் வராத கொடியில் அப்பியிருந்த நுனிகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தின் மேல் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தோம். கீழே விழுந்த அசுவினி பெரும்பாலும் மறுபடி ஏறுவதில்லை. அதற்கும் அடங்காத ஒரு கொடிக்கு மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் கலப்பதற்குச் சிறிது சோப்புக் கரைசலும் சேர்த்து, தேனீக்கள் வீடு திரும்பிய பிறகு மாலையில் தெளித்தோம். வேப்பெண்ணெய் இயற்கையானது என்பதற்காகக் கண்ட இடமெல்லாம் தெளிப்பது தவறு. முதலைக்குட்டிக்கும் அது ஆகாது. மஞ்சள் ஒட்டுப்பொறியும் அப்படியே. வெள்ளை ஈயைப் பிடிக்கிற அதே பசையில் ஒட்டுண்ணிக் குளவியும் மாட்டிக்கொள்ளும் என்பதால், வெள்ளை ஈ அதிகமாக இருக்கும் சில நாட்களுக்கு மட்டும் வைத்துவிட்டு எடுத்துவிட வேண்டும்.

மாதவரம் தாவரவியல் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், வெயில் ஏறிய காலை நேரம்தான் வண்ணத்துப்பூச்சிக்கு ஏற்றது. கோயம்புத்தூருக்குப் போகிற வாய்ப்பு இருந்தால் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறக்கப்பட்ட பூச்சிகள் அருங்காட்சியகத்தையும் காட்டுங்கள். நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மலைக்காடுகளில் வாழ்வது. வடசென்னையில் அதைத் தேடி ஏமாற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூங்காவுக்குப் போகுமுன் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவது போதும். அதற்கு மேல் வாங்கினால் குழந்தையின் கை நடுக்கத்தில் எதுவும் தெரியாது.